அந்த வண்டியை ஏன் நிறுத்தினார்கள்?

"பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடலைங்க, வாங்கின மாதிரியே நிக்குது." பழைய மோட்டார் சைக்கிள் தேடுகிற எவரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள், அன்றிரவு அவருக்குத் தூக்கம் வராது. கோவை, ஈரோடு, பொள்ளாச்சி வட்டாரத்தில் பல வருடங்களாக நானும் இப்படிப்பட்ட வண்டிகளைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறேன். அரிசி ஆலைக் குடோன், தோட்டத்து மோட்டார் ரூம், பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடு, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இருட்டு மூலை என்று அவை நிற்காத இடம் இல்லை. இத்தனை வண்டிகளைப் பார்த்தபின் மீட்டரில் இருக்கும் எண்ணை நான் கடைசியாகத்தான் பார்க்கிறேன். முதலில் கேட்பது, வண்டியை ஏன் நிறுத்தினீர்கள் என்பது. அந்தப் பதிலிலேயே பாதி வண்டி தெரிந்துவிடும்.

நல்ல காரணங்கள் சில உண்டு. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தபோது பலர் தங்கள் யெஸ்டியையும் ராஜ்தூத்தையும் அப்படியே ஓரங்கட்டினார்கள். ஒரு லிட்டருக்கு எண்பது கிலோமீட்டர் போகும் வண்டி வந்த பிறகு, பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றி, புகை கக்கிக்கொண்டு போகும் வண்டி யாருக்கு வேண்டும்? விற்கப் போனால் விலை இல்லை, அதனால் வீட்டிலேயே நின்றன. இப்படி நின்றவை ஓடிக்கொண்டிருந்த நிலையில் நிறுத்தப்பட்டவை. உள்ளே பெரிய பழுது இருக்காது. வெளிநாடு போனவர்களின் வண்டியும் இப்படித்தான். ஆனால் ஆறு மாதத்தில் திரும்பி வருவோம் என்று நினைத்துப் போயிருப்பார்கள். அதனால் டேங்கில் பெட்ரோலும் பாக்ஸில் பேட்டரியும் அப்படியே இருக்கும். பேட்டரி ஆசிட் கசிந்து தட்டையும் பக்கத்து ஃபிரேமையும் தின்றிருக்கும். அதை மறக்காமல் பார்க்க வேண்டும்.

புல்லட் நின்றதற்கு முழங்கால் வலி ஒரு பொதுவான காரணம். இஞ்சின் அழுத்தத்தைத் தளர்த்தும் டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, ஆம்ப்ஸ் மீட்டர் முள்ளைப் பார்த்து, நிதானமாக உதைக்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவருக்கு வயதானதும் வண்டியும் நின்றுவிட்டது. மகன்கள் ஒரு தடவை உதைத்துப் பார்த்து, கிக் திருப்பி அடித்த அடியில் அதன் பக்கமே போயிருக்கமாட்டார்கள். இந்த மாதிரி வண்டி கிடைத்தால் கொடுத்துவைத்தவர் நீங்கள். அந்தக் காலத்துப் பெரியவர்கள் ஆயில் மாற்றிய தேதியைக்கூட டைரியில் குறித்து வைத்திருப்பார்கள்.

இனி பயப்பட வேண்டிய காரணங்கள். யெஸ்டி தயாரித்த, மைசூர் யாதவகிரியில் இருந்த ஐடியல் ஜாவா ஆலை 1996-ல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு ஒரு பாகம் கிடைக்காமல் நின்ற யெஸ்டிகள் ஏராளம். ஒரு பாகத்துக்காக நின்ற வண்டியில் அந்த ஒன்று மட்டும் குறைந்திருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் கார்ப்பரேட்டரைக் கழற்றிப் போயிருப்பார், மெக்கானிக் காயிலை எடுத்திருப்பார். 1983-ல் வந்து பத்து வருடம்கூட விற்பனையில் நிலைக்காத ராஜ்தூத் 350 கதையும் இதுதான், அதன் பாகங்களின் விலை இன்னும் மோசம். "கொஞ்சம் சத்தம் வந்துச்சு, அதான் நிறுத்திட்டோம்" என்றால் இஞ்சின் இறுகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு நிறுத்தியிருந்தால் முன் ஃபோர்க்கும் ஹேண்டில் கழுத்தும் நேராக இருக்கின்றனவா என்று பார்க்காமல் பேச்சைத் தொடராதீர்கள். அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை முடியாத வீடு என்றால், காபி கொடுத்தால் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். ஒருவர் விற்று மற்றவர் கேஸ் போட்டால் நடுவில் நிற்பது நீங்கள்.

அடுத்தது, வண்டி எங்கே நின்றது. பலரும் நினைப்பது போலக் கூரைக்குக் கீழே நின்றால் போதும் என்பதில்லை. மண் தரை ஈரத்தை இழுத்து மேலே விடும். சாக்கு போட்டு மூடினால் அந்த ஈரத்தைச் சாக்கு பிடித்து வைத்துக்கொள்ளும், தார்ப்பாய் போட்டால் உள்ளேயே வியர்க்கும். இதையெல்லாம்விடக் கொடுமை உர மூட்டை. தோட்டத்துக் குடோன்களில் யூரியாவும் பொட்டாஷும் அடுக்கியிருக்கும் மூலையில்தான் வண்டியையும் தள்ளி விடுவார்கள். அந்த உப்புக் காற்றில் ஸ்போக்ஸ் முதலில் போகும், பிறகு ரிம்மின் குரோம், அப்புறம் சைலன்சர். ஓடாத வண்டிதான், ஆனால் அலுமினியம் பூத்து வெள்ளை வெள்ளையாக உதிரும். வால்பாறை, நீலகிரி பக்கத்து ஈரமும் சென்னைக் கடற்காற்றும் செய்வதும் ஏறக்குறைய இதே வேலை. காரைக்குடி போன்ற காய்ந்த ஊரில், கல் பதித்த தரையில் நின்ற வண்டியில் இரும்பு நன்றாக இருக்கும், ரப்பர் மட்டும் வெடித்திருக்கும். ரப்பரை மாற்றிக்கொள்ளலாம், அதனால் நான் எப்போதும் காய்ந்த ஊர் வண்டியின் பக்கம்தான்.

சென்னை, கடலூர்ப் பக்கத்திலிருந்து வரும் வண்டி என்றால் 2015 வெள்ளத்தில் மூழ்கியதா என்று பாருங்கள். வெளியே கழுவித் துடைத்திருப்பார்கள். ஹெட்லைட் கண்ணாடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டால் வண்டல் இருக்கிறதா என்று தெரியும். சீட்டுக்குக் கீழே, சைடு பாக்ஸின் மூலையில், ஏர் ஃபில்டருக்குப் பின்னால் மண் படிந்த ஒரு கோடு இருந்தால் அந்த அளவுக்குத் தண்ணீர் நின்றிருக்கிறது என்று பொருள்.

சரி, உண்மையிலேயே குறைவாக ஓடிய வண்டியா? அந்தக் காலத்து ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்தால் யாரும் அவசரமாக மாற்றமாட்டார்கள். எண் ஒரே இடத்தில் பத்து வருடம் நின்றிருக்கும், வண்டி ஓடிக்கொண்டே இருந்திருக்கும். அதனால் காலும் கையும் படுகிற இடங்களைப் பார்க்க வேண்டும். ஃபுட்ரெஸ்ட் ரப்பரின் வரிகள் வலது பக்கம், இடது பக்கம் எப்படித் தேய்ந்திருக்கின்றன, பிரேக் பெடலின் விளிம்பு மழுங்கிவிட்டதா, கிக் ரப்பர் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஜாவா, யெஸ்டியில் கிக்கும் கியரும் ஒரே லீவர் என்பதால் அந்த லீவர் நிறையச் சொல்லும். ஆடுகிறது, வெல்டு வைத்திருக்கிறது என்றால் மீட்டரில் எட்டாயிரம் இருந்தாலும் நம்பாதீர்கள். செயின் ஓடும் பின் ஸ்ப்ராக்கெட்டின் பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகியிருந்தால் நீண்ட தூரம் ஓடியிருக்கிறது. பிரேக் டிரம்மின் உள்விளிம்பில் விரலால் தடவினால் படிபோல ஒரு ஓரம் தட்டுப்படும், அதன் உயரம் அதிகமானால் ஓட்டமும் அதிகம்.

இஞ்சின் போல்ட்டுகளின் தலையைப் பார்ப்பதும் முக்கியம். ஸ்பேனர் படாத போல்ட்டின் ஆறு முனையும் கூராக இருக்கும். ஸ்க்ரூக்களின் பள்ளம் சிதையாமல் இருந்தால் இஞ்சின் பிரிக்காத வண்டி என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். சைடு பாக்ஸில் கம்பெனி டூல் கிட், உள்ளே மடித்து வைத்த பழைய இன்சூரன்ஸ் தாள், டீலர் ஸ்டிக்கர் இவையெல்லாம் கிடைத்தால் எனக்கு மீட்டரைவிடப் பெரிய சாட்சி.

இப்படிப்பட்ட வண்டிகளைத் தேடுவது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். விளம்பரத்தில் வந்துவிட்ட வண்டியை ஏற்கெனவே யாராவது தோண்டி எடுத்திருப்பார்கள். நான் போவது வயதான மெக்கானிக்குகளிடம். எந்தத் தெருவில் யார் என்ன வண்டி வாங்கினார், அதை யாருக்கும் விற்காமல் வைத்திருந்தார் என்பது அவர்களுக்கு மனப்பாடம். பஞ்சர் கடைக்காரர், கரண்ட் ரீடிங் எடுப்பவர், தபால்காரர் எல்லோரும் பூட்டிய ஷெட்டுகளுக்குள் எட்டிப் பார்த்தவர்கள். பழைய இரும்பு எடுக்க வருபவரோடு நட்பாக இருங்கள். எடைக்குப் போய், உடைத்துப் பாகம் பாகமாகச் சென்னைப் புதுப்பேட்டைப் பழைய பாகச் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டிய வண்டியைக் கடைசி நேரத்தில் காப்பாற்றும் ஒரே ஆள் அவர்தான்.

வீட்டுக்குப் போய்ப் பேசும் விதத்தில் எனக்குக் கண்டிப்பான கொள்கை ஒன்று உண்டு. வண்டியைக் "குப்பை", "இரும்பு விலைதான் போகும்" என்று சொல்லி விலையைக் குறைக்கக் கூடாது. சந்தையில் இது என்ன விலைக்குப் போகிறது, ஓட வைக்க எவ்வளவு செலவாகும், என்னால் எவ்வளவு தர முடியும் என்று மூன்றையும் திறந்து சொல்லிவிடுவேன். நல்ல நிலையில் இருக்கும் யமஹா ஆர்எக்ஸ் 100 லட்சத்தைத் தாண்டி விற்கிற காலம் இது. விவரம் தெரியாத ஒரு வீட்டில் ஐயாயிரத்தை நீட்டி வாங்கி வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. வண்டியைப் பார்க்க வந்தேன் என்று நேராகச் சொல்லி, யார் ஓட்டியது, எங்கெல்லாம் போனது என்று கேட்டால் அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள். விலை பேசுவதற்கு வேண்டிய தகவல் முழுவதும் அந்தப் பேச்சில்தான் இருக்கும்.

வண்டி கைக்கு வந்ததும் உதைக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. சுற்றி நிற்பவர்கள் "ஒரு உதை உதைச்சுப் பாருங்க" என்று சொல்லத்தான் செய்வார்கள். யெஸ்டி, ராஜ்தூத் போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில், இஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டின் பேரிங்குக்குத் தனியாக ஆயில் தேங்கி நிற்காது, பெட்ரோலோடு வரும் ஆயில்தான் அதன் உயிர். கடைசியாக ஓடிய நாளில் ஒட்டிய மெல்லிய படலம் வருடக்கணக்கில் காய்ந்து, அந்த இடத்தில் துரு பூத்திருக்கும். சிலிண்டர் சுவரோடு பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கும். அந்த நிலையில் உதைத்தால் ரிங் உடையும் அல்லது சிலிண்டரில் கீறல் விழும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் டீசலோ துரு இளக்கும் ஆயிலோ ஊற்றி, சில நாள் அப்படியே விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் இன்னும் ஊற்றிக் காத்திருங்கள். பலம் கொடுத்துத் திருப்ப வேண்டிய அவசியமே வரக் கூடாது. அப்படி வந்தால் சிலிண்டரைக் கழற்றிவிடுவது நல்லது.

பிஸ்டன் சுதந்திரமாக நகர்ந்துவிட்டது, பொறியும் வருகிறது, வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று அன்றே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவதில்தான் அடுத்த ஆபத்து. கிராங்கின் ஆயில் சீல்கள் ரப்பர். பல வருடம் அசையாமல் நின்றால் கல்லாகிவிடும். அதன் வழியாகக் காற்று உள்ளே வரும், பெட்ரோல் கலவை நீர்த்துப்போகும், சூடு ஏறும், ஒருநாள் ஓட்டத்திலேயே பிஸ்டன் இறுகிவிடும். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதற்கும் சீலின் வயதுக்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டி வாங்கும்போது சீல், பேரிங் மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

புல்லட்டுக்கு வேறு கவலை. அதில் ஆயில் டேங்க் இஞ்சின் கேஸுக்குள்ளேயே தனி அறையாக இருக்கிறது. நீண்ட நாள் நின்றால் அங்கிருந்து ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் சுற்றும் அறைக்கு இறங்கிவிடும். ஆயில் மூடியைத் திறந்து பார்த்து, குறைவாக இருக்கிறதே என்று மேலே ஊற்றினால் அளவுக்கு மீறிப் போய், ஸ்டார்ட் செய்ததும் ஊரே புகையாகும், கேஸ்கெட் வழியாகவும் ஒழுகும். முதலில் கீழேயுள்ள போல்ட்டுகளைத் திறந்து பழையதை முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதே முறை.

டேங்க் மூடியைத் திறந்ததும் வார்னிஷ் வாடை அடித்தால் உள்ளே பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கிறது. மேலோட்டமான துருவுக்கு நான் எலுமிச்சை உப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றி ஓரிரு நாள் வைத்திருப்பேன். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே காயவைத்து, உள்ளே ஆயில் சுற்றிவிட வேண்டும். காயவைப்பதில் தாமதித்தால் கண் முன்னாலேயே மறுபடி துரு பூக்கும். சங்கிலியையோ ஜல்லியையோ உள்ளே போட்டுக் குலுக்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. மெலிந்துபோன பழைய டேங்குக்கு நான் அதைச் செய்வதில்லை.

பிரேக்கை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் அப்படியே விடாதீர்கள். ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங் பழையதானால் பசை விட்டுப் பெயர்ந்து வந்துவிடும். ஓட்டத்தில் அது டிரம்முக்குள் மாட்டிக்கொண்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். டயரும் அப்படித்தான். பூ தேயாமல் புதிதாகத் தெரியும், வாங்கிய நாளின் ரப்பர் முடிகூட இருக்கும். 2000-க்குப் பிறகு வந்த டயர் என்றால் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் சொல்லும். மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது அதற்கும் முந்தையது. அந்த டயர் பார்ப்பதற்கு மட்டுமே. கழற்றிப் பத்திரமாக வையுங்கள், ஓட்டுவதற்குப் புதியது போடுங்கள்.

பெயிண்ட் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். கம்பெனி பெயிண்ட் மங்கியிருந்தாலும், டேங்கில் கீறல் இருந்தாலும், அதை அழிக்காதீர்கள். திருவொற்றியூர் ராயல் என்ஃபீல்டு ஆலையில் ஒருவர் தூரிகை பிடித்துக் கையால் இழுத்த தங்கக் கோடு புல்லட் டேங்கில் இருக்கும். அதைத் தேய்த்துவிட்டு எவ்வளவு பளபளப்பாகப் பெயிண்ட் அடித்தாலும் அந்தக் கோடு திரும்ப வராது. ஓடாமல் நின்ற வண்டியின் மதிப்பே அது மாறாமல் இருப்பதில்தான் இருக்கிறது. இஞ்சினுக்கும் பிரேக்குக்கும் வயருக்கும் செலவு செய்யுங்கள், மேல்பூச்சை மெல்லிய துணியால் துடைத்து மெழுகு போடுவதோடு நிறுத்துங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, காகிதம் இல்லை என்றால் வண்டியை வாங்காதீர்கள். ஆர்.சி. புக்கில் உள்ள இஞ்சின், சேஸிஸ் எண்களை வண்டியில் உள்ள எண்களோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடத்தில் அரம் போட்ட தடம் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். சொந்த வாகனத்துக்குப் பதிவு 15 வருடம், அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். நின்ற வண்டிக்கு எவரும் புதுப்பித்திருக்கமாட்டார்கள். படிவம் 25 போட்டு, வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, தாமதக் கட்டணமும் கட்ட வேண்டிவரும். 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசு அறிவிப்பு, 20 வருடம் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 2,000 ரூபாய் ஆக்கியது. 1989-க்கு முந்தைய மூன்றெழுத்துப் பதிவு எண் என்றால், அது கணினியில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆபீசில் கேட்டுவிடுங்கள். பலமுறை அதுவே பெரிய வேலையாகிவிடுகிறது.

உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, படிவம் 31 மூலம் முதலில் குடும்பத்தில் ஒருவர் பெயருக்கு மாற்றி, அதற்குப் பிறகு 29, 30 படிவங்களோடு உங்கள் பெயருக்கு வர வேண்டும். நீளமான வழிதான், குறுக்கு வழி காட்டுபவர்களும் இருப்பார்கள். நீளமான வழியிலேயே போங்கள்.

50 வருடம் தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கு 2021-ல் தனி விதி வந்தது. பதிவு எண்ணில் விஏ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. கண்காட்சி, ரேலி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம், தினமும் கடைக்கும் ஆபீசுக்கும் ஓட்ட முடியாது. அறுபதுகளின் ஜாவாவை வாரம் ஒருமுறை சாலையில் ஓட்ட ஆசைப்படுகிறவர் பழைய பதிவைப் புதுப்பித்துக்கொள்வதே எனக்கு நல்லதாகத் தோன்றுகிறது.

போன இடத்தில் வாங்காமல் வந்த வண்டிகளும் எனக்குப் பிடித்தவைதான். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு வீட்டில் யெஸ்டி ரோட்கிங் நின்றது. மைசூர் ஆலையிலிருந்து வந்த அதே பெயிண்ட், இரட்டைச் சைலன்சர், கிழியாத சீட். அந்த அம்மா அலமாரியிலிருந்து ஆர்.சி. புக்கையும் சாவியையும் ஒரே துணிப்பையில் எடுத்து வந்தார். "அவரு போனதுக்கப்புறம் யாரையும் தொட விடலைங்க தம்பி. இப்ப பையன் பெங்களூர்ல இருக்கான், இடத்த அடைக்குதுன்னு சொல்றான்" என்றார். வண்டியின் விலையைச் சொன்னேன். ஓட வைக்க என்ன ஆகும் என்றும் சொன்னேன். மகனோடு அங்கிருந்தே போனில் பேசினோம். அவருக்குத் தன் அப்பாவின் வண்டிக்கு இப்படி ஒரு மதிப்பு இருப்பதே தெரிந்திருக்கவில்லை. விற்க வேண்டாம், நானே ஓட்டுகிறேன் என்றார். ஒரு நல்ல மெக்கானிக்கைக் காட்டிவிட்டு வந்தேன். இப்போது அது ஓடுகிறது.

அவருக்கு எழுதி அனுப்பிய குறிப்பை இங்கேயும் தருகிறேன், வீட்டில் இப்படி ஒரு வண்டியை நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கு உதவும். மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் கார்ப்பரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, அது காற்றின் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பாகங்களையும் கெடுக்கும். டேங்கைப் பாதியில் விடாமல், முழுவதும் காலி செய்து ஆயில் பூசி வையுங்கள். பிளக்கைக் கழற்றி இரண்டு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு, கிக்கைக் கையால் மெதுவாக அழுத்திச் சுற்றிவிட்டுப் பிளக்கை மாட்டுங்கள். பேட்டரியைத் தனியாக எடுத்துவிடுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, கீழே பலகை போடுங்கள். சைலன்சர் வாயில் துணி அடைத்தால் குளவி கூடு கட்டாது, எலியும் போகாது. அந்தத் துணியை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யாதபடி சாவியில் ஒரு சீட்டுக் கட்டி வையுங்கள். மேலே போடுவதற்குப் பழைய பருத்திப் புடவை போதும், பிளாஸ்டிக் கவர் வேண்டாம். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, பிஸ்டன் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். அப்படியே ஆர்.சி. புக்கை எடுத்து, பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்த்துவிடுங்கள்.